ஒரே கூடு, இரண்டு நோயாளிகள்: செட்டிநாட்டுப் பின்கட்டுத் தோட்டம் ஒன்றில் நேர்ந்த கதண்டுக் கொட்டு

ஐப்பசி மூன்றாம் வாரத்தில், காரைக்குடிக்கும் கானாடுகாத்தானுக்கும் இடைப்பட்ட ஊர் ஒன்றில், நெடுநாள் பூட்டிக் கிடந்த வீட்டின் பின்கட்டுத் தோட்டத்தைத் துப்புரவு செய்துகொண்டிருந்த இருவரைக் கதண்டுகள் என்னும் பெரிய குளவிகள் கொட்டின. 61 வயதுப் பெண்மணிக்கு விழுந்தவை இரண்டு கொட்டுகள். 38 வயதுத் தோட்டத் தொழிலாளிக்கு விழுந்தவை 46. இரண்டு கொட்டு வாங்கியவர் அரை மணி நேரத்துக்குள் மயங்கி உயிர் ஊசலாடும் நிலைக்குப் போய், மறுநாள் தம் காலால் நடந்து வீடு திரும்பினார். 46 கொட்டு வாங்கியவர் அன்று மாலையே நடந்து வீடு திரும்பி, மூன்றாம் நாள் காலையில் சிறுநீரகம் செயலிழந்த நிலையில் மறுபடி வந்தார். இருவரையும் முதலில் பார்த்த மருத்துவன் நான். முதல் நோயாளிக்கு ஓரளவு சரியாகச் செய்தேன். இரண்டாம் நோயாளியிடம் தவறினேன். இருவரின் ஒப்புதலோடும், அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியும் இதை எழுதுகிறேன்.

இடமும் கூடும்

அது முன்தெருவில் தொடங்கிப் பின்தெருவில் முடியும் செட்டிநாட்டு வீடு. முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி எனக் கடந்து போனால் கிணறும் தோட்டமும் வரும். குடும்பத்தார் சென்னையில் இருக்கிறார்கள். கோயில் காரியம், கல்யாணம் என்றால்தான் வீடு திறக்கும். தை மாதத்தில் வீட்டில் ஒரு கல்யாணம் வைத்திருந்ததால், வீட்டைச் சீர்செய்வதற்காக அந்த 61 வயது ஆச்சி முன்கூட்டியே வந்திருந்தார். ஆடி முதல் ஆள் புழங்காத தோட்டம் மழைக்குப் பின் மண்டிப் போயிருந்தது. பின்சுவரின் மேல் காகிதப்பூக் கொடி அடர்ந்து படர்ந்து, அதனுள் மார்பளவு உயரத்தில் ஒரு குடத்தின் பருமனுக்குக் கூடு தொங்கியது. இலை மறைத்திருந்ததால் வெளியிலிருந்து பார்த்தால் தெரியவில்லை. ஆவணியில் அந்தப் பக்கம் கதண்டு வந்துபோவதைத் தாம் பார்த்ததாகத் தொழிலாளி பிறகு சொன்னார். பனை உச்சியிலோ ஆலங்கிளையிலோதான் அவை கூடு வைக்கும் என்று எண்ணியதால், கையெட்டும் உயரத்தில் தேட அவருக்குத் தோன்றவில்லை.

செத்துக் கிடந்த நான்கு பூச்சிகளைக் குடும்பத்தார் காகிதத்தில் மடித்துக் கொண்டுவந்தனர். உடல் கருமை, வயிற்றின் முதல் இரண்டு வளையங்கள் மட்டும் பளிச்சென்ற மஞ்சள். வெஸ்பா அஃபினிஸ் என்ற இனம் இது. இதன் நெருங்கிய உறவான வெஸ்பா டிராபிகாவுக்கு மஞ்சள் பட்டை ஒன்றுதான். அது பெரும்பாலும் பொந்துகளிலும் வேரடி மண்ணிலும் கூடு வைக்கும். நம் பக்கத்தில் இரண்டையும் கதண்டு என்றே சொல்கிறோம், சில ஊர்களில் கடந்தை என்பார்கள். நாளிதழ்களில் வரும் ‘விஷ வண்டு’ என்ற சொல் பெரும்பாலும் இவற்றையே குறிக்கிறது. வண்டினத்துக்குக் கொடுக்கே கிடையாது என்பதால், அந்தச் சொல்லைக் கேட்டு வரும் நோயாளியிடம் எந்தப் பூச்சி என்பதை நான் மறுபடி விசாரித்தே எழுத வேண்டியிருக்கிறது.

கதண்டின் கொடுக்கில் தேனீயினுடையதைப் போன்ற பெரிய கொக்கிகள் இல்லை. எனவே அது தோலில் சிக்கிக்கொள்வதில்லை. ஒரே கதண்டு பல முறை கொட்ட முடியும். விஷத்தோடு வெளிப்படும் எச்சரிக்கை மணம் கூட்டில் உள்ள மற்றவற்றையும் கொட்டப்பட்டவர்மேல் ஏவுகிறது. காலை 9.40 மணியளவில் தொழிலாளி தொரட்டியைக் கொடிக்குள் மாட்டி இழுத்தபோது கூடு ஒரு பக்கம் கிழிந்தது. “ஆச்சி, உள்ள போயிருங்க, கதண்டு கலைஞ்சிருச்சு” என்று கத்திக்கொண்டே அவர் கிணற்றடிக்கு ஓடித் தலையில் துண்டைச் சுற்றிக் குனிந்துகொண்டார். அவருடைய கழுத்து, பிடரி, முதுகு, தோள், இரு முன்கைகள் ஆகிய இடங்களில் பின்னர் எண்ணியதில் 46 கொட்டுப் புள்ளிகள் இருந்தன. பதினைந்தடி தள்ளி நின்ற ஆச்சிக்குக் கழுத்தில் ஒன்று, வலது முன்கையில் ஒன்று.

முதல் நோயாளி

ஐந்து நிமிடத்தில் ஆச்சிக்கு உள்ளங்கையும் உள்ளங்காலும் அரிக்கத் தொடங்கின. உடம்பெல்லாம் அனல் பரவியது போல் இருந்ததாகச் சொன்னார். பிறகு வயிற்றைப் புரட்டி வாந்தி, மலம் கழிக்க வேண்டும் என்ற தவிப்பு, கண் இருட்டல். 9.50-க்கு அடுப்படித் தளத்தில் சாய்ந்துவிட்டார். படுத்துக் கிடந்த சில நிமிடங்களில் நினைவு ஓரளவு திரும்பிப் பேசியிருக்கிறார். அதைத் தேறிவிட்டதாக எண்ணித் தூக்கி நாற்காலியில் உட்கார வைத்ததும் மறுபடி மயங்கினார். இதற்கிடையில் ஒருவர் கொண்டை ஊசியால் கொடுக்கைத் தேடினார், இன்னொருவர் கழுத்தில் சுண்ணாம்பு தடவினார். இந்த இரு வேலைகளிலும் எட்டு நிமிடம் கழிந்தது. கொட்டியது கதண்டு என்பதால் அங்கே எடுக்கக் கொடுக்கே இல்லை. தேனீயாக இருந்திருந்தால் கொடுக்கும் அதன் விஷப்பையும் தோலில் தங்கியிருக்கும்; அப்போது நகத்தாலோ விரலாலோ எப்படியாவது நொடியில் பிடுங்குவதே முக்கியம். எந்த நிலையிலும் சுண்ணாம்பால் பயனில்லை. அதன் காரம் தோலைப் புண்ணாக்கும் என்பதற்கு அவருடைய கழுத்தில் ஒரு வாரம் இருந்த காயமே சாட்சி.

10.15-க்கு, காரின் முன்னிருக்கையில் நிமிர்த்தி உட்கார வைக்கப்பட்ட நிலையில் வந்து சேர்ந்தார். மேல் இரத்த அழுத்தம் 60, அதுவும் தொட்டுணர்ந்துதான் அளக்க முடிந்தது. ஆக்சிஜன் 88 சதவீதம். மார்பில் இழுப்புச் சத்தம். தோலில் தடிப்பு எதுவும் இல்லை. நாடித் துடிப்பு 72. இந்தக் கடைசி எண்ணைத்தான் நான் இருமுறை எண்ணினேன், ஏனென்றால் அழுத்தம் இவ்வளவு விழுந்த ஒருவருக்கு நாடி 110-ஐத் தாண்டி ஓட வேண்டும். விசாரித்ததில், இரத்தக் கொதிப்புக்காக ஆறு ஆண்டுகளாக அட்டெனலால் மாத்திரை எடுப்பதாகத் தெரிந்தது. பீட்டா தடுப்பான் வகை மாத்திரையான அது இதயம் விரைந்து துடிப்பதை அடக்குவதோடு, நாம் கொடுக்கப் போகும் அட்ரினலின் வேலை செய்யும் வாசல்களில் ஒன்றையும் அடைத்து வைக்கிறது.

படுக்க வைத்துக் கால்களை உயர்த்தி, ஆக்சிஜன் கொடுத்து, அட்ரினலின் 0.5 மில்லிகிராம், அதாவது ஒரு மில்லி ஆம்பூலில் பாதியை, தொடையின் வெளிப்புறத் தசையில் போட்டோம். ஐந்து நிமிடத்தில் மாற்றமில்லை. இரண்டாம் முறை போட்டு, இரு கைகளிலும் ஊசியேற்றி உப்புநீர் வேகமாக ஏற்றினோம். அழுத்தம் 70. மூன்றாம் முறையும் போட்ட பிறகு அட்ரினலினைச் சொட்டுச் சொட்டாக நரம்பில் ஏற்றும் முறைக்கு மாறினோம். பீட்டா தடுப்பான் எடுப்பவர்களில் அட்ரினலின் எடுபடாதபோது குளுக்ககான் உதவும், அது இதயத்தை வேறு வாசல் வழியே தூண்டுவதால். எங்கள் அலமாரியில் அன்று அது இல்லை, இப்போது இருக்கிறது. 10.50-க்கு அழுத்தம் 100/60 ஆனது. அதன் பிறகுதான் வயிற்றிலும் தொடையிலும் தடிப்புகள் கிளம்பின. தோலுக்கு இரத்தம் போனால்தானே தோல் சிவக்கும்! தடிப்பு இல்லை என்பதால் ஒவ்வாமை இல்லை என்று முடிவுகட்டுவது எவ்வளவு தவறாகப் போகலாம் என்பதை அந்த அரை மணி நேரம் காட்டியது.

வெளியே காத்திருந்த உறவினர் ஒருவர், “விஷமுறிவு ஊசி போட்டாச்சா டாக்டர்?” என்று மூன்று முறை கேட்டார். அவர் கேட்டது பாம்புக்கடிக்கான மருந்து. அது நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கு பாம்புகளின் விஷத்துக்கு எதிராகச் செய்யப்படுவது. கதண்டு விஷத்தோடு அதற்குத் தொடர்பில்லை. அதுமட்டுமன்று, குதிரையின் இரத்தத்திலிருந்து எடுக்கப்படுவதால் அதுவே கடும் ஒவ்வாமையை உண்டாக்கக்கூடும். கதண்டுக்கென்று விஷமுறிவு மருந்து எங்கள் கையில் எதுவும் இல்லை. இதைக் கதவருகே நின்று விளக்கச் செலவிட்ட நிமிடத்தை நான் வீணென்று நினைக்கவில்லை. விளக்காதிருந்தால் அவர் ஆச்சியை வேறு மருத்துவமனைக்குத் தூக்கிப் போகும் எண்ணத்தில் இருந்தார்.

இதய வரைபடத்தில் தென்பட்ட சிறு மாறுதல் மாலைக்குள் மறைந்தது. இதயத் தசைச் சேதத்தைக் காட்டும் ட்ரோபோனின் இருமுறை எடுத்தும் இயல்பாகவே இருந்தது. ஒவ்வாமை அடங்கிய பிறகு சில மணி நேரம் கழித்து மறுபடி எழுவதுண்டு என்பதால் மறுநாள் காலை வரை வைத்திருந்தோம். எழவில்லை. இரவில் பேச்சுவாக்கில் ஆச்சி சொன்ன ஒரு செய்திதான் முழு நிகழ்வுக்கும் விளக்கம்: முந்தைய ஆண்டு பங்குனியில் இதே வீட்டில் ஒரு கதண்டு காலில் கொட்டியிருக்கிறது. அன்று உடம்பெங்கும் தடித்து, காணாக்கடி என்று எண்ணி ஒரு மாத்திரை போட்டுக்கொண்டு படுத்துவிட்டார்.

இரண்டாம் நோயாளி

தொழிலாளி தம் மைத்துனரின் வண்டியில் பின்னால் உட்கார்ந்து, ஆச்சி வந்த பத்து நிமிடத்துக்குப் பின் வந்தார். கடும் வலி, முகமும் கழுத்தும் வீக்கம். ஆனால் அழுத்தம் 130/80, நாடி 104, மூச்சு சீர், பேச்சு தெளிவு. உள்ளே ஓர் உயிர் ஊசலாடிக்கொண்டிருந்ததால், வாசல் பெஞ்சில் உட்கார வைத்து வலிக்கு டைக்ளோஃபெனாக் ஊசியும், ஒவ்வாமை எதிர்ப்பு ஊசியும், ஸ்டீராய்டும் போடச் சொன்னேன். கொட்டுப் புள்ளிகளைச் செவிலியர் எண்ணி எழுதினார். அந்த எண் சீட்டில் இருந்தது. என் மனத்தில் பதியவில்லை. மாலை நான்கு மணிக்கு வீக்கம் சற்று வடிந்திருந்தது. “நான் நல்லாத்தான் இருக்கேன்யா, வேலை அப்படியே கெடக்கு” என்றார். அன்றைக்குச் சிறுநீர் கழித்தாரா, எந்த நிறம் என்று நான் கேட்கவில்லை. ஓர் இரத்தப் பரிசோதனையும் எடுக்கவில்லை. மூன்று நாளைக்கு டைக்ளோஃபெனாக் மாத்திரை எழுதி அனுப்பினேன்.

அன்றிரவே சிறுநீர் கருங்காப்பி நிறத்தில் போயிருக்கிறது. மறுநாள் இரண்டு முறை, அதுவும் சிறிதளவு. வெயிலில் வேலை செய்கிறவர்கள் அனைவரும் சொல்வதுபோல் அவரும் சூடு பிடித்துவிட்டதாக எண்ணி, மறுநாள் முழுவதும் இளநீராகக் குடித்தார். உடம்பு வலிக்கிறதே என்று மாத்திரையையும் தவறாமல் போட்டார். மூன்றாம் நாள் காலையில் அவருடைய மனைவி, முகம் ஊதிவிட்டது, படி ஏற முடியவில்லை என்று அழைத்து வந்தார்.

சிறுநீரகம் வடிகட்டாதபோது இரத்தத்தில் ஏறும் கழிவான கிரியாட்டினின் 6.1. பொட்டாசியம் 6.6. தசை சிதைவதைக் காட்டும் கிரியாட்டின் கைனேஸ், 200-க்குள் இருக்க வேண்டியது, 41,000. பிலிருபின் 3.4, கல்லீரல் நொதிகள் பல மடங்கு. சிறுநீரில் தோய்த்துப் பார்க்கும் சோதனைப் பட்டையில் இரத்தம் மூன்று கூட்டல் குறி, ஆனால் நுண்ணோக்கியில் சிவப்பணுக்கள் ஒன்றிரண்டுதான். இந்த முரண் ஒன்றே காரணத்தைச் சொல்லிவிடும்: சிறுநீரில் வருவது இரத்தம் அன்று, உடைந்த தசையிலிருந்தும் உடைந்த சிவப்பணுவிலிருந்தும் கசிந்த நிறமி. இதய வரைபடத்தில் கூரிய உயர்ந்த அலைகள் பொட்டாசியத்தின் ஆபத்தை எழுதியிருந்தன. இளநீரில் பொட்டாசியம் மிகுதி. சிறுநீரகம் நன்றாக இருப்பவருக்கு அது நன்மை, அடைபட்டவருக்கு அது இதயத்தையே நிறுத்தக்கூடியது. கால்சியம் குளுக்கோனேட்டும், குளுக்கோஸோடு இன்சுலினும் கொடுத்து, 108 ஆம்புலன்சில் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஒன்றுக்கு அனுப்பினோம். அங்கே பதினேழு நாட்களில் ஏழு முறை டயாலிசிஸ் செய்யப்பட்டது. பதின்மூன்றாம் நாள் முதல் சிறுநீர் பெருகத் தொடங்கியது. ஆறாம் வாரத்தில் கிரியாட்டினின் 1.3.

ஆய்வு

இருவரைப் பற்றியும் ஊரில் ஒரே பேச்சுதான்: விஷம் ஏறிவிட்டது. எனக்கும் அன்று அந்தச் சொல்லே கண்ணை மறைத்தது. உண்மையில் இவை இரு வேறு நோய்கள். ஆச்சியை வீழ்த்தியது விஷத்தின் அளவன்று. முந்தைய கொட்டில் அந்த விஷப் புரதங்களை அடையாளம் கண்டு வைத்திருந்த அவருடைய உடல், இரண்டாம் முறை அளவுமீறிக் கிளர்ந்ததுதான். அந்த நிலைக்கு ஒரு கொட்டே போதும். 1902-இல் பாரிசில் போர்ட்டியேயும் ரிஷேயும் கடற்சாமந்தி என்ற கடலுயிரின் நஞ்சை நாய்களுக்குச் சிறு அளவில் செலுத்தி, சில வாரம் கழித்து மறுபடி செலுத்தியபோது, பாதுகாப்பு வந்திருக்கும் என்று எதிர்பார்த்ததற்கு மாறாக நாய்கள் நிமிடங்களில் இறந்தன. பாதுகாப்புக்கு எதிர்மாறு என்ற பொருளில் அவர்கள் வைத்த பெயர்தான் அனஃபிலாக்சிஸ். அதற்காக ரிஷே 1913-இல் நோபல் பரிசு பெற்றார். ஆச்சியின் பங்குனிக் காணாக்கடியையும் ஐப்பசி மயக்கத்தையும் அருகருகே வைத்துப் பார்த்தபோது எனக்கு அந்த நாய்களின் நினைவே வந்தது.

இந்த நோயின் கடிகாரம் நிமிடங்களில் ஓடுவது. பிரிட்டனில் அனஃபிலாக்சிஸால் நேர்ந்த இறப்புகளை ஆராய்ந்து பம்ஃப்ரி 2000-இல் வெளியிட்ட ஆய்வில், கொட்டுப்பட்டவர்களுக்கு இதயமோ மூச்சோ நிற்க ஆன நேரத்தின் இடைநிலை மதிப்பு 15 நிமிடம். ஆச்சி எங்களிடம் வந்து சேரவே 35 நிமிடம் ஆயிற்று. அவர் பிழைத்ததற்கு என் ஊசிக்கு முன் ஒரு காரணம் உண்டென்றால், அது மயங்கி விழுந்து சற்று நேரம் தரையில் கிடந்ததுதான் என்று நினைக்கிறேன். அழுத்தம் விழுந்தவரை நிமிர்த்தி உட்கார வைத்தால் இதயத்துக்குத் திரும்பும் இரத்தம் கால்களில் தேங்கிவிடும். அப்படி எழுப்பிய நொடியிலேயே இறந்தவர்கள் உண்டு. மூச்சுத் திணறல் மேலோங்கி நிற்பவரைத் தவிர மற்றவரைப் படுக்க வைத்தே கொண்டுவர வேண்டும். காரின் பின்னிருக்கையை அதற்கு ஒழிக்க ஒரு நிமிடம் போதும்.

தொழிலாளியின் நோய் முற்றிலும் அளவைச் சார்ந்தது. அவருக்கு ஒவ்வாமையே இல்லை. அதனால்தான் நான் ஏமாந்தேன். கதண்டு விஷத்தில் உள்ள பாஸ்போலிப்பேஸ் நொதிகளும் மாஸ்டோபரான் முதலிய சிறு புரதங்களும் உயிரணுக்களின் உறையை நேரடியாக உடைக்கின்றன. கொட்டுகளின் எண்ணிக்கை கூடக் கூடத் தசையும் சிவப்பணுவும் சிதைந்து, அவற்றின் நிறமிகள் சிறுநீரக நுண்குழாய்களில் படிந்து அடைக்கின்றன. விஷம் அக்குழாய்களைத் தாமாகவும் தாக்குகிறது. இதற்கு ஒரு நாளோ இரண்டு நாளோ ஆகும். முதல் சில மணி நேரத்தில் நோயாளி நல்லபடி இருப்பது எதையும் உறுதிப்படுத்துவதில்லை. அன்று நான் செய்திருக்க வேண்டியவை கடினமானவையல்ல: சிறுநீரின் நிறத்தைப் பார்ப்பது, கிரியாட்டினினும் கிரியாட்டின் கைனேஸும் அன்றும் மறுநாளும் எடுப்பது, நரம்பு வழியே தாராளமாக நீர் ஏற்றிச் சிறுநீரை ஓட வைப்பது, வலிக்குப் பாராசிட்டமாலோடு நிறுத்திக்கொள்வது. டைக்ளோஃபெனாக் போன்ற மருந்துகள் சிறுநீரகத்துக்குப் போகும் இரத்த ஓட்டத்தைக் குறைப்பவை. 46 கொட்டுகளின் விஷம் சிறுநீரகத்தை வந்தடைந்துகொண்டிருந்த நேரத்தில் நான் அதன் வாய்க்காலையும் சுருக்கினேன். அவர் அந்த மருந்து இல்லாமலும் டயாலிசிசுக்குப் போயிருக்கக்கூடும். ஆயினும் அது என் கணக்கில் எழுதப்பட வேண்டியதே. குழந்தையாக இருந்தால் இதைவிடக் குறைந்த கொட்டுகளிலேயே இந்த நிலை வரும், உடல் எடை குறைவு என்பதால்.

பின்தொடர்தல்

தீயணைப்பு நிலையத்தார் மூன்றாம் நாள் இருட்டிய பிறகு வந்து கூட்டை அகற்றினர். தேக்குச் சட்டமிட்ட தாழ்வாரம் அருகில் இருந்ததால் தீப்பந்தம் பிடிக்காமல், மருந்தடித்துச் சாக்கில் கட்டி எடுத்துப் போனதாகச் சொன்னார்கள். புழுவையும் ஈயையும் வேட்டையாடித் தோட்டத்துக்கு உதவும் பூச்சிதான் கதண்டு. ஆளில்லாத காட்டில் அந்தக் கூடு இருந்திருந்தால் தொட வேண்டிய அவசியமே இல்லை.

ஆச்சியின் அட்டெனலாலை இதய மருத்துவர் ஒருவரின் ஆலோசனையோடு படிப்படியாகக் குறைத்து நிறுத்தி, வேறு வகை இரத்தக் கொதிப்பு மாத்திரையான அம்லோடிபினுக்கு மாற்றினோம். விஷத்தைச் சிறுகச் சிறுகச் செலுத்திச் சகிப்பை உண்டாக்கும் சிகிச்சை மூன்று முதல் ஐந்து ஆண்டு நீள்வது; இந்த இனக் கதண்டுக்குரிய சாறு எளிதில் கிடைக்காததால் அதைத் தொடங்க முடியவில்லை. தாமாகவே போட்டுக்கொள்ளும் அட்ரினலின் பேனாவும் கிடைக்கவில்லை. எனவே இரண்டு ஆம்பூல், இரண்டு சிரிஞ்சு, பாதி ஆம்பூல் என்ற குறிப்பு ஆகியவற்றை ஒரு சிறு பெட்டியில் வைத்துக் கொடுத்து, அவருடைய மருமகளுக்கு வாழைத்தண்டில் ஊசி போடப் பழக்கினோம். வெயில் படாத இடமாக வளவை ஒட்டிய அறையின் அலமாரியில் அந்தப் பெட்டி இருக்கிறது. மருந்து பழுப்பு நிறமாக மாறினால் தூக்கி எறிய வேண்டும் என்று மூடியின் உட்புறத்தில் எழுதி ஒட்டியிருக்கிறார்கள்.

தொழிலாளி நான்காம் மாதம் வந்தபோது கிரியாட்டினின் 1.1. கல்யாணம் முடிந்திருந்தது. இளநீர் குடிக்கலாமா என்று கேட்டார், குடிக்கலாம் என்றேன். பொட்டாசியம் அன்று 4.2.